குளிர் அறைக்குள் எட்டிப் பார்க்கலாமா?

சால்வை எடுத்துக்கொண்டீர்களா? வாருங்கள், சத்தமில்லாமல் உள்ளே நுழைவோம்!

வெயிலுக்குப் பேர்போன சான் டியேகோவைச் சேர்ந்த மருத்துவர் ஹால் ஹாஃப்மன் குழு, சிலரை வேண்டுமென்றே குளிர் அறையில் உட்காரவைத்த ஆய்வு இது. உட்கார்ந்தவர்களுக்கு ஏசி காற்றே ஆகாது. தோலில் தடிப்பு, காய்ச்சல், மூட்டுவலி எல்லாம் கிளம்பிவிடும். ஆனால் கையில் ஐஸ் கட்டியை வைத்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது! உடம்பு முழுக்கக் குளிர வேண்டும். அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பரம்பரைத் தன்னழற்சி நோய் இது. காரணமான மரபணுவை ஹாஃப்மன் குழுவே 2001-இல் கண்டுபிடித்திருந்தது. இன்று அதன் பெயர் என்எல்ஆர்பி3. அதில் ஒரு பிழை இருந்தால், கிருமி எதுவும் வராமலேயே இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் புரதம் வெளியே பாய்கிறது.

இப்போதுதான் வேடிக்கை! ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் தடிப்பும் காய்ச்சலும் வந்துவிட்டன. நாலிலிருந்து எட்டு மணி நேரத்தில் ரத்தத்தில் வெள்ளணுக்களும் இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதமும் ஏறின. சரி, முக்கியக் குற்றவாளி இன்டர்லூக்கின்-1? ஒரு மரபணு வேலை செய்கிறதா என்பதை அது உண்டாக்கும் எம்ஆர்என்ஏ காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிசிஆர் கருவியில் அளந்தார்கள். ரத்த வெள்ளணுக்களில் கொஞ்சம்கூடக் கூடவில்லை! சீரத்திலும் அந்தப் புரதம் கூடவில்லை.

நல்லவேளை, தடித்த தோலிலும் துளி கிள்ளி எடுத்திருந்தார்கள். அங்கே எம்ஆர்என்ஏவும் புரதமும் கொட்டிக் கிடந்தன! ஊரெல்லாம் தேடிய திருடன் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இந்த இடம்தான். ரத்தப் பரிசோதனையோடு நின்றிருந்தால் ஆளைக் கோட்டை விட்டிருப்பார்கள்.

அடுத்த காட்சி. இன்டர்லூக்கின்-1-இன் வழியை மறிக்கும் அனகின்ரா ஊசியை முன்கூட்டியே போட்டுவிட்டுக் குளிர் அறைக்குள் அனுப்பினார்கள். தடிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, வெள்ளணுக்களும் ஏறவில்லை! 2004-இல் லான்செட் மருத்துவ இதழ் இந்த ஆய்வை வெளியிட்டது.

ஒரே குறை, அனகின்ராவைத் தினமும் குத்திக்கொள்ள வேண்டும். 2008-இல் இந்த நோய்க்கு ரிலோனாசெப்ட் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வாரத்துக்கு ஒரு ஊசிதான்!