இரவை எண்ணும் செடிகள்

திருச்சி விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பிடிக்கும் பொருள்களின் பட்டியலில், தங்கத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு பெயரும் அடிக்கடி வருகிறது: ‘ஹைட்ரோபோனிக் கஞ்சா’. பெரும்பாலும் பாங்காக்கிலிருந்து கிளம்பி வந்த பெட்டிகளில் அது இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கஞ்சாக் கடத்தல் புதுச் சேதி இல்லை. 2024 மார்ச்சில் மீமிசல் பக்கத்தில் ஓர் இறால் பண்ணையில் 876 கிலோ கஞ்சாவும் 100 கிலோ ஹஷீஷும் சிக்கின. மதிப்பு சுமார் 110 கோடி ரூபாய் என்றார்கள்.

இந்தக் கடற்கரையில் இலங்கைப் படகுக்குக் காத்திருக்கும் சரக்கும் விமானத்தில் வந்து இறங்கும் சரக்கும் ஒரே இனச் செடியிலிருந்து வருபவைதான். வளர்ந்த விதம்தான் வேறு. ஆந்திர, ஒடிசா எல்லை மலைச்சரிவுகளில் திருட்டுத்தனமாகப் பயிராகும் செடி மழையோடு முளைக்கும். பகல் குறுகும் பருவத்தில் பூக்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. பெட்டியில் வரும் கஞ்சா வெயிலையே பார்க்காதது. கதவடைத்த அறையில், மண்ணில்லாத தொட்டியில், விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தது. அங்கே சித்திரையும் இல்லை, மார்கழியும் இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ஓர் அறுவடை என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம். தாவரவியல் பக்கம் நின்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆண்டுக்கு ஒருமுறை பூக்கப் பிறந்த செடியை மாதந்தோறும் பூக்கவைப்பது எப்படிச் சாத்தியமானது? அந்தப் பதிலுக்கும் நம் கண்மாய்ப் பாசன வயலுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த ரகசியத்தை முதலில் காட்டிக்கொடுத்ததே கஞ்சாச் செடிதான். ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாரிஸில் கண்ணாடிக் குடிலுக்குள் கஞ்சாச் செடியையும் அதன் உறவுக்கொடியான ஜப்பானிய ஹாப்பையும் வளர்த்தார். குளிர்காலத்தில் விதைத்தவை, முளைத்துச் சில இலைகள் விட்ட உடனேயே, சாண் உயரத்தில், பூத்துவிட்டன. குடிலுக்குள் சூடு இருந்தது, தண்ணீர் இருந்தது. குறைந்திருந்தது வெளிச்ச நேரம் மட்டுமே. 1912லும் 1914லும் இதைப் பற்றி எழுதிய அவர், பகல் குறைவதைவிட இரவு நீள்வதே காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். முதல் உலகப் போர் வந்தது. போருக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய ஊகம் சரிதான் என்று நிரூபிக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

இடையில் புகழ் அமெரிக்காவின் கார்னருக்கும் அல்லார்டுக்கும் போயிற்று. அந்நாட்டு வேளாண் துறையில் வேலை பார்த்த இவர்களிடம் ‘மேரிலாண்ட் மாமத்’ என்றொரு புகையிலை இருந்தது. கோடையெல்லாம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. பிலாக்ஸி என்ற சோயா மொச்சையோ, முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் செப்டம்பரில்தான் பூத்தது. 1918 ஜூலையில் ஜன்னலில்லாத ஒரு கொட்டகை போட்டார்கள். மாலை 4 மணிக்குச் செடிகளை உள்ளே தள்ளுவது, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே இழுப்பது. நடுக்கோடையிலேயே செடிகள் பூத்தன. 1920இல் முடிவுகள் வெளியாயின. மாட்டைத் தொழுவத்தில் அடைப்பதுபோலச் செடியை அடைத்துத் திறந்ததில் தாவரவியலின் பெரிய கதவு ஒன்று திறந்தது என்றால் மிகையில்லை.

தூர்னுவா சொன்னதை உறுதிசெய்தது 1938இல் ஹேம்னர், பானர் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை. எடுத்துக்கொண்ட செடி மருளூமத்தை. நம் கண்மாய்க்கரைகளிலும் தரிசிலும் வேட்டியில் ஒட்டும் முள்ளுக்காயோடு நிற்கிறதே, அதேதான். ஒரே ஒரு நீண்ட இரவு கிடைத்தால்கூடப் பூக்கத் தயாராகிவிடும் செடி அது. அந்த நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். பூக்கவில்லை. பகலின் நடுவே சற்று நேரம் இருட்டடித்துப் பார்த்தார்கள். அதை அது பொருட்படுத்தவே இல்லை. ஆக, செடி எண்ணுவது பகலை அல்ல, இடையறாத இரவை.

எண்ணுவதற்குக் கண் வேண்டுமே? இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம்தான் அந்தக் கண். சிவப்பொளி பட்டால் விழித்த நிலைக்குப் போகும். தொலைசிவப்பு ஒளியிலோ நெடிய இருளிலோ பழைய நிலைக்குத் திரும்பும். 1952இல் லெட்யூஸ் கீரையின் விதைகளை வைத்து இந்த இரட்டை நிலையைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கண் பார்த்ததைச் செடியின் உள்ளே ஓடும் நாள்கடிகாரம் கணக்குப் பார்க்கிறது. கணக்கு சரியாக வந்தால் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியாகக் குருத்துக்குப் போய், ‘இனி இலை வேண்டாம், பூ விடு’ என்று சொல்லும். அப்படி ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று 1930களில் ரஷ்யாவின் சைலக்யான் சொல்லி, அதற்கு ஃப்ளோரிஜன் என்று பெயரும் வைத்துவிட்டார். கையில் பிடிக்க எழுபது ஆண்டு ஆனது. 2007இல் ஒருபுறம் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றிலும், மறுபுறம் நெல்லிலும் அது சிக்கியது.

இது தெரிந்துவிட்டால், அறைக்குள் நடப்பது விளங்கிவிடும். ஓர் அறையில் இரவு நீளவே நீளாது. அங்குள்ள தாய்ச்செடி என்றென்றும் இளமையாக இலை விட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிள்ளி வேர்பிடிக்க வைத்த கன்றுகள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல ஒன்றே. இன்னோர் அறையில் இரவு நீளம். கன்றுகள் அணி அணியாக இங்கே மாறி, அணி அணியாகப் பூக்கும். வித்தை அவ்வளவுதான். இதைக் கஞ்சாக்காரர்கள் கண்டுபிடிக்கவும் இல்லை. செவ்வந்தி வளர்ப்பவர்கள் அவர்களுக்கு முன்பே செய்துவந்த வேலை இது. ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் கறுப்புத் திரையும் விளக்கும் வைத்துக்கொண்டு வாரம் ஓர் அணி நட்டு, வாரம் ஓர் அணி அறுத்து, 52 வாரமும் செவ்வந்தி விற்கிறார்கள். ஓசூர், சிக்கபள்ளாப்பூர் பக்கம் இரவில் பேருந்தில் போகிறவர்கள், திருவிழாப் போல வயல் முழுக்க பல்பு எரிவதைப் பார்த்திருக்கலாம். குறுகிய பகலில் செவ்வந்தி குட்டையிலேயே மொட்டுவைத்துவிடாமல் தடுக்கும் வேலை அது. செடி வேண்டிய அளவு வளர்ந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

பாரிஸிலும் அமெரிக்காவிலும் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நேரம் பல மணி மாறும். புதுக்கோட்டை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தரை பாகையில். இங்கே ஆனி மாதத்து நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். மார்கழியின் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். ஒன்றேகால் மணிதான் வித்தியாசம். இதையெல்லாம் ஒரு செடி கண்டுகொள்ளுமா என்று தோன்றும். மலாக்காவில் அதைவிடக் குறைவு. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே 14 நிமிடம்தான். அங்கே சியாம் 29 என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாள் ஆனது. செப்டம்பரில் விதைத்தபோது 161 நாள். 1959இல் வெளியான இந்தக் கணக்கைப் படித்தால் நெற்பயிர் மேல் தனி மரியாதை வந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பழைய சம்பா நெல்களும் இந்தச் சாதிதான். மொச்சையும் அப்படித்தான். ஆடியில் விதைத்த மொச்சை மார்கழியில் பூத்துப் பொங்கல் கூட்டுக்கு வந்து சேரும். அவசரப்பட்டுச் சித்திரையில் ஊன்றினால் பந்தல் முழுக்கக் கொடிதான் படரும். தெருவிளக்கின் கீழ் நிற்கும் சம்பா பக்கத்து வயலைவிடப் பிந்திக் கதிர் விடுவதும் இதனால்தான். பாவம், அதற்கு இரவே வருவதில்லை.

இந்தப் பிடிவாதத்தைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கல்லணைக் கால்வாய் தொடும் ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளை விட்டால் இந்த மாவட்டத்தில் நெல் என்பது கண்மாயும் வானமும் சேர்ந்து நடத்தும் காரியம். மழை ஆவணியில் வரலாம், புரட்டாசி கடைசிக்கும் தள்ளிப் போகலாம். விதைக்கும் நாள் விவசாயியின் கையில் இல்லை. ஆனால் இரவை எண்ணும் நெல், முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், ஏறத்தாழ ஒரே சமயத்தில் கதிர் விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின், கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போதே. பூ அடைமழையில் நனைவதில்லை. பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் தட்டுவதும் குறைவு. காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லாத காலத்தில் விதைக்குள்ளேயே இருந்த காப்பீடு அது.

இதற்கு நேர் எதிரானது எண்ண மறந்த நெல். குறுவை ரகங்கள் அந்த வகை. எப்போது நட்டாலும் இத்தனை நாள் என்று வைத்துக்கொண்டு முடித்துவிடும். பசுமைப் புரட்சியின் குட்டை நெல்கள் நாடெங்கும் பரவியதற்கு விளைச்சலைப் போலவே இந்த மறதியும் ஒரு காரணம். கஞ்சாவிலும் இப்படி ஒரு வகை உண்டு. கோடை குறுகிய ரஷ்யப் பகுதிகளில் முளைக்கும் குட்டைச் செடியை 1924இல் யானிஷேவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் விவரித்தார்; இரவு நீளும் வரை காத்திருந்தால் உறைபனி கொன்றுவிடும் என்பதால், வயது வந்தவுடன் பூத்துவிடும்.

ஆக, ஓயாத அறுவடைக்கு இரண்டு வழி: பல்பை வைத்துச் செடியின் கணக்கைக் குழப்பலாம், அல்லது கணக்குப் போடும் பழக்கத்தையே மரபணுவில் எடுத்துவிடலாம். ஆலங்குடி பக்கத்து வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் உளுந்தில் செய்துவருவது ஏறக்குறைய இரண்டாவது வழி. பழைய உளுந்து பட்டம் தப்பினால் கோபித்துக்கொள்ளும். காயும் ஒரே சமயத்தில் முற்றாது, பல தடவை பறிக்க வேண்டும். வம்பன் 8 போன்ற ரகங்கள் 65 முதல் 75 நாளில் ஒருசேர முற்றும். மஞ்சள் தேமல் நோயையும் தாங்கும். பறிக்கும் கூலியே விளைச்சலைத் தின்றுவிடும் ஊரில் ஒருசேர முற்றுவதன் அருமை உளுந்து போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் வழியும், அதாவது அறையும் விளக்கும், வயலுக்கு உதவ வந்துவிட்டது. விளைச்சலுக்கு அல்ல, விதைக்கு. ஒரு புதிய ரகத்தைத் தலைமுறை தலைமுறையாக நிலைப்படுத்தப் பத்தாண்டுகூட ஆகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் நாளுக்கு 22 மணி நேரம் விளக்கெரித்து, கோதுமையில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கலாம் என்று 2018இல் காட்டினார்கள். கோதுமை நீண்ட பகலை விரும்புவது, எளிது. நீண்ட இரவு கேட்கும் நெல்லுக்கு அது பலிக்காது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாரணாசி மையம், விளக்கு நேரத்தையும் நிறத்தையும் சூட்டையும் பயிரின் வயதுக்கேற்ப மாற்றி, ஆண்டுக்கு நான்கைந்து தலைமுறை எடுக்கும் முறையை வெளியிட்டிருக்கிறது. கஞ்சா அறையின் அதே தத்துவம்தான். வெளியே வருவது மட்டும் விதைநெல்.

விதைக்குச் சரி. விளைச்சலுக்கும் விளக்கு போடுவது கட்டுப்படியாகுமா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021இல் கணக்குப் போட்டார்கள். உள்ளறையில் விளைந்த ஒரு கிலோ உலர்ந்த கஞ்சாப் பூவுக்காக வெளியேறும் பசுங்குடில் வாயுக்கள், இடத்தைப் பொறுத்து, சுமார் 2,300 முதல் 5,200 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். விளக்கும், அதன் சூட்டைத் தணிக்கக் குளிர்சாதனமும், ஈரத்தை உறிஞ்ச இன்னொரு இயந்திரமும்: வெயில் இனாமாகச் செய்வதை மின்சாரம் காசுக்குச் செய்கிறது. விலை எக்கச்சக்கமாக இருக்கும் போதைச் சரக்குக்குத்தான் இது தாங்கும். உளுந்துக்கு ஒருநாளும் தாங்காது.

அப்படியானால் மல்லிகைக்கு? கீரமங்கலம், சேந்தன்குடி, குளமங்கலம் பக்கத்துப் பூ விவசாயிகளுக்கு இது வெறும் கேள்வி அல்ல. கோடையில் பூ குவிந்து விலை விழும். மார்கழி, தையில் முகூர்த்த நேரத்தில் கிலோ ஆயிரங்களில் விற்கும், தோட்டத்தில் பூ இருக்காது. ஓசூர்ச் செவ்வந்தி போல இங்கும் பல்பு கட்டினால் என்ன? செவ்வந்திக்குப் பலிக்கும் வித்தை மல்லிகையிடம் பலிக்காது. மல்லிகையைக் கட்டிப்போடுவது குளிரும் பனியும். வயலைச் சூடேற்ற முடியாது. அதனால் கவாத்துதான் கைவசம் உள்ள கருவி. வழக்கமாக நவம்பர் கடைசியில் வெட்டுவதைப் பாத்திக்குப் பாத்தி நாள் தள்ளி வெட்டினால், புதுத் தளிரும் அதன் நுனியில் வரும் மொட்டும் தள்ளித் தள்ளி வரும். தொடர் அறுவடைக்கு விளக்கில்லாத வழி அது. ஆனால் பனியின் முன் அது ஓரளவுதான் எடுபடும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-1 நட்சத்திர மல்லிகை ஆண்டு முழுவதும், பனிக்காலத்திலும், பூக்கிறது. மொட்டில் இளஞ்சிவப்பு சாயல், நீளமான காம்பு, நெடுநேரம் வாடாது. மாலை கட்டுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மணம் மென்மை. குண்டுமல்லியின் மணத்துக்குப் பழகிய நம் ஊர்க் கூந்தல்கள் அதை ஏற்குமா என்பதைப் பல்கலைக்கழகம் அல்ல, கீரமங்கலம் பூக்கடை ஏலம்தான் முடிவு செய்யும்.