கொழுந்தும் மேனியும்

மேனியைப் பேணுதற்கு மூலிகையை நாடுதல் தமிழரிடத்தே தொன்றுதொட்டு வரும் வழக்கம். சித்த மருத்துவ நூலார் மருந்தினை அகமருந்து, புறமருந்து என இரு கூறாக்கி, ஒவ்வொன்றையும் 32 வகையாக விரித்துரைப்பர். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, களிம்பு என்பனவெல்லாம் புறமருந்தின்பாற்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலில் கோப்பித் தோட்டங்களிலும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் தொழில் செய்யத் தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு வந்த தமிழ் மக்கள் இவ்வறிவையும் உடன் கொணர்ந்தனர். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளிலே பாட்டி வைத்தியம் எனப் பெயர்பெற்று அது இன்றும் வாழ்கின்றது.

இஃதொருபுறமிருக்க, கடைத்தெருக்களிலே ‘மூலிகை’ என்னும் சொல்லைத் தாங்கிய கிரீம்களும் சவர்க்காரங்களும் தைலங்களும் பெருகியுள்ளன. வல்லாரை, மஞ்சள், கற்றாழை, தேயிலை ஆகிய பெயர்கள் அவற்றின் உறைகளிலே அழகுற அச்சிடப்பட்டுள்ளன. பெயர் இருப்பதனால் மட்டும் பயன் விளைந்துவிடுமா? செடியிலுள்ள பொருள் எதனைக் கொண்டு வெளிப்படுத்தப்பட்டது, எவ்வளவு வெளிப்பட்டது, பயன்படுத்தும் நாள்வரை கெடாது நின்றதா என்னும் மூன்றுமே பயனைத் தீர்மானிப்பன. இவ்வுண்மைக்கு மலைநாட்டுத் தோட்டங்களிலேயே தெளிவான சான்றுகள் உள.

கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் முதற்சான்றாகும். தோலின் புறத்தேயுள்ள கொம்புப்படையிலே இறந்த கலங்கள் செங்கற்கள் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்துபோல நின்று உடலின் நீர் வெளியேறாது காக்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் நாள்முழுதும் நனையும் கையிலிருந்து இக்கொழுப்பு சிறிது சிறிதாகக் கழுவப்படுகின்றது. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவிலே உறைபனி படியும் குளிரும் வறண்ட காற்றும் சேர, விரல்நுனிகள் வெடிக்கின்றன. அவ்வெடிப்புகளிலே கருங்கறை படிகின்றது. அது அழுக்கன்று, தேயிலையின் சாறே ஆம்.

தளிர்க் கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை பொலிபீனோல்கள் என்னும் பொருள்களாகும். அவற்றுட் சிறந்தவை கற்றெச்சின்கள். இலையின் கலங்களுள்ளே கற்றெச்சின் ஓரிடத்தும், அதனை மாற்றவல்ல நொதியம் வேறோரிடத்தும் பிரிந்து கிடக்கின்றன. கொழுந்து நசுங்கும்போது இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையால் செம்பழுப்பான புதிய பொருள்கள் தோன்றுகின்றன. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தொழிற்சாலையிலே கொழுந்தை வாட்டி, உருளைப் பொறியிலிட்டு நசுக்குவது இம்மாற்றத்தை வேண்டியே. அங்கே அது கறுப்புத் தேயிலையின் நிறமும் சுவையுமாகின்றது. விரலிலே தோலின் புரதத்தோடு பிணைந்து நீங்காத கறையாகின்றது.

வியப்பிற்குரியது யாதெனில், விரலைக் கறுப்பிக்கும் இதே கற்றெச்சினே சாறாகப் பிரிக்கப்பட்டு மேனிக்கு நலந்தரும் பொருளென உலகச் சந்தையில் விலைபோகின்றது. ஒட்சியேற்றத்தால் விளையும் கேட்டைத் தடுத்தல், வீக்கத்தையும் சிவப்பையும் தணித்தல் என்னும் பண்புகள் அதற்குண்டு. ஆயின் அப்பண்புகள் ஒட்சியேறாத கற்றெச்சினுக்கே சிறப்பாக உரியன. ஆதலாற் சாறெடுப்போர் கொழுந்தை முதலில் ஆவியிலோ சூட்டிலோ இட்டு நொதியத்தை அழித்துவிடுவர். பறித்தவளின் கையிற் படிவது காற்றோடு கலந்து மாறிய பொருள். நன்கு செய்த களிம்பில் இருப்பது மாறாது காக்கப்பட்ட பொருள். செடி ஒன்றே, முறையே வேறு.

சாறெடுத்தலின் அருமையை மலைநாடு முன்னரே கண்டதுண்டு. 1861ஆம் ஆண்டில் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகவே. அம்மரத்தின் பட்டையை இடித்துக் கொடுத்த காலத்தில், ஒரு பட்டையில் மருந்து மிகுந்தும் மற்றொன்றிற் குறைந்தும் இருந்தமையால், ஒரே அளவு தூள் ஒருவருக்குக் காய்ச்சலைத் தணித்தது, மற்றொருவருக்குத் தணிக்கவில்லை. 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்த பின்னரே மருந்தை அளந்து கொடுத்தல் இயன்றது. அப்பெல்லத்தியே வோகல் என்பாருடன் சேர்ந்து 1815இல் மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினைப் பிரித்தவருமாவார்.

மூலிகையிலிருந்து பொருளைப் பிரித்தற்கு நீர், எண்ணெய், அற்ககோல், நீராவி என்னும் நான்கும் பெரிதும் பயன்படுவன. ஒவ்வொன்றும் தனக்கியைந்த பொருளையே கரைத்தெடுக்கும். தேயிலையின் கற்றெச்சின் வெந்நீரில் நன்கு கரையும். தேநீர் அதற்குச் சான்று. மஞ்சளின் குர்க்குமின் நீரிற் கரைவது மிக அரிது. அற்ககோலில் நன்றாகவும் எண்ணெயில் ஓரளவும் கரையும். ஆகலின் மஞ்சளை நீரிற் குழைத்துப் பூசும்போது தோலில் நிற்பது பெரும்பாலும் கரையாத தூளே. சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்ந்தால் மஞ்சள் செந்நிறமாகும். குங்குமம் செய்யும் இல்லங்கள் இதனை நன்கறியும். வெயில் பட்டால் அந்நிறம் மங்கிவிடும்.

யூக்கலிப்டஸ் மரம் விறகுக்காகத் தோட்டங்களில் பெருவாரியாக நடப்பட்டது. அதன் இலையினூடே நீராவியைச் செலுத்தினால் எளிதில் ஆவியாகும் தைலம் அதனோடு சென்று, குளிர்ந்தபின் நீரின்மேல் மிதக்கும். இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் வடிகலத்திலேயே நின்றுவிடும். எனவே அவ்விலையின் தைலமும் அவ்விலையின் கசாயமும் ஒரு மரத்தினின்றும் தோன்றிய இருவேறு பொருள்கள். தைலத்தை வேறோர் எண்ணெயிற் கலந்து நீர்க்கச் செய்யாது தோலிற் பூசுதல் தகாது. எரிவும் கொப்புளமும் விளையக்கூடும்.

கற்றாழை மடலிலோ ஒரே இலையுள் இருவேறு சாறுகள் உள. தோலுக்கு அடுத்து ஒழுகும் மஞ்சட் பால் கசப்பானது, உண்டாற் பேதியாகும், பட்டாற் சிலருக்கு அரிப்பெடுக்கும். உள்ளேயிருக்கும் தெளிந்த சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. தோலுக்குக் குளிர்ச்சி தருவது இச்சோறு. மடலை வெட்டி நிறுத்தி மஞ்சட் பாலை வடியவிட்டுக் கழுவும் பழைய முறை தக்க காரணமுடையதென்பது இதனால் விளங்கும்.

வல்லாரை மலைநாட்டில் ஈரமான கான்களின் ஓரங்களில் தானாகவே படர்வது, சம்பலாக உண்ணப்படுவது. அதிலுள்ள ஆசியற்றிகோசைட்டு என்னும் பொருள் 1940களிலே மடகஸ்கார்த் தீவுச் செடியினின்றும் பிரிக்கப்பட்டது. காயம் ஆறும்போது தோலின் நாருக்கு வலிமையூட்டும் பொருளென அது ஆராயப்பட்டு, களிம்புகளிற் சேர்க்கப்படுகின்றது. அற்ககோலிற் போல எண்ணெயில் அது எளிதிற் கரைவதில்லை. ஆகவே அற்ககோலிற் பிரித்த வல்லாரைச் சாற்றையும், தேங்காயெண்ணெயிற் காய்ச்சிய வல்லாரைத் தைலத்தையும் ஒன்றென மதித்தல் பொருந்தாது.

இதனால் தைலம் காய்ச்சும் மரபு பயனற்றதென்று கொள்ளல் வேண்டா. இலைச்சாற்றையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சும்போது நீர் வற்றுகின்றது. எண்ணெயிற் கரைவன எண்ணெயிற் சேர்கின்றன. வண்டலை மெழுகுப்பதம், மணற்பதம் எனப் பார்ப்பதும், அதனைத் திரியாக்கித் தீயிற் காட்டிச் சடசடவென்னும் ஓசை எழாமையை நோக்குவதும், நீர் முற்றாக நீங்கியதா என அறியும் சோதனைகளே. நீரற்ற எண்ணெயிற் பற்றீரியாவும் பங்கசும் பெருகமாட்டா. அதனாலன்றோ முறைப்படி காய்ச்சிய தைலம் பல மாதம் கெடாதிருக்கின்றது! இலையை அரைத்து நீரோடு புட்டியில் அடைத்து வைத்தாலோ இரண்டொரு நாளிற் பூஞ்சணம் பிடிக்கும். வெடித்த தோலில் அதனைப் பூசுதல் புண்ணுக்கு வழிகோலும்.

வெளிப்படுத்திய பொருள் தோலினுட் புகுமா என்பது அடுத்த வினா. மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 500க்கு மேற்பட்ட பொருள்கள் கொம்புப்படையைக் கடத்தல் அரிதென்பது தோலியலார் வகுத்த பொதுவிதி. தேயிலையின் முதன்மையான கற்றெச்சினுக்கு அந்நிறை 458, குர்க்குமினுக்கு 368, ஆசியற்றிகோசைட்டுக்கு 959. வெடிப்பும் புண்ணுமுள்ள இடத்தில் இத்தடை தளரும். முழுமையான தோலில் வல்லாரைப் பொருள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். தேயிலைக் கற்றெச்சினுக்கு வேறோர் இடருண்டு. காரத்தன்மையில் அது விரைந்து பழுப்பாகிக் கெடும். சாதாரண சவர்க்காரம் காரமுடையது. மேலும் தேய்த்தவுடன் கழுவப்படுவது. ஆதலால் அதிலே தேயிலைச்சாறு சேர்ப்பதாற் கிடைக்கும் பயன் சிறிதே. அளவும் தூய்மையும் வரையறுக்கப்பட்டால் மட்டும் சாறு மருந்தாகும். பச்சைத் தேயிலைச் சாற்றை நூற்றுக்குப் 15 பங்கு கொண்ட களிம்பொன்று, குறித்த ஒருவகை மருக்களுக்கான மருந்தாக 2006இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றமை இதற்கு நல்லுதாரணம்.

விலையுயர்ந்த மூலிகைக் கிரீமின் நலத்திற் பெரும்பகுதி அதன் அடிப்பொருளாகிய கொழுப்பாலும் கிளிசரினாலும் விளைவதென்பதையும் மறத்தலாகாது. கழுவித் துடைத்த கையிலே ஈரம் முற்றும் உலருமுன் சிறிது தேங்காயெண்ணெயைத் தேய்த்து உறங்கினால், இழந்த கொழுப்புக்கு ஈடாக நின்று அது நீரைத் தடுத்து வெடிப்பை ஆற்றத் துணைபுரியும். கறைபோக்கத் தேசிக்காயைத் தேய்ப்பாருமுளர். புளிப்பினால் நிறம் சற்று வெளிறுவது உண்மையே. ஆயினும் வெடித்த விரலை அது எரிக்கும். தேசிச்சாறு படிந்த தோலில் வெயில் பட்டால் கொப்புளமெழுந்து கருந்தழும்பும் உண்டாகலாம்.

இதனினும் பெரிய தீங்கு நிறவெளுப்புக் கிரீம்களால் விளைவது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள மலைநாட்டில், ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் ஞாயிற்றின் புறவூதாக் கதிர் நூற்றுக்குப் பத்துப் பங்களவு மிகுகின்றது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அக்கதிரைத் தாங்கித் தோலைக் காப்பது மெலனின் என்னும் கருநிறப்பொருளே. அதனை ஆக்கும் நொதியமும், கொழுந்தைக் கறுப்பிக்கும் நொதியமும் செம்பைத் தாங்கிய ஒரே குடும்பத்தன. மூலிகைப் பெயரில் விற்கப்படும் சில கிரீம்களில் இந்நொதியத்தை முடக்க இரசம் மறைவாகச் சேர்க்கப்படுவதுண்டு. இரசம் தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். இரசம் பற்றிய மினமாற்றா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதிற் பங்காளி. சிலநாளில் வெண்மை தருமென உறுதிகூறும் கிரீமில் உட்பொருள்களின் பட்டியலும் செய்தவர் முகவரியும் இல்லையாயின், அதனை வாங்காதிருத்தலே அறிவு.

செடி வளர்ந்த இடமும் நோக்கத்தக்கது. களைகொல்லி தெளிக்கப்படும் மலைகளிலே கான் ஓரத்து வல்லாரையும் அதனை ஏற்கின்றது. கிளைபோசேற்று என்னும் களைகொல்லி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர் ஆகியவற்றுக்கு மட்டும் தளர்த்தப்பட்டு, பின்னும் தடையுற்று, 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகையால் மூலிகையை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தெடுப்பதே தக்கது. எந்தச் சாற்றையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு சிறிதிடத்திற் பூசி, இரண்டு நாள் அரிப்போ சிவப்போ தோன்றாமையைக் கண்டபின் மேனியிற் பயன்படுத்தல் வேண்டும்.

அறிவைக் காத்தலும் பொருளைக் காத்தலைப் போன்றதே. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை 1996இல் எதிர்த்து, பழைய வடமொழி நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையையும் சான்றுகாட்டியது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அங்கே வழக்கை வென்றது எழுத்திலிருந்த அறிவு. மலைநாட்டுப் பாட்டியரின் அறிவோ பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கின்றது. சமவெளியில் வளரும் வேம்பு குளிர்மலையிற் செழிக்காதபோது அவர்கள் எந்தச் செடியைக் கொண்டனர், எப்பகுதியை எடுத்தனர், எதிற் காய்ச்சினர், எத்தனை நாள் வைத்தனர், எதற்குப் பூசினர் என்பவற்றைக் கேட்டெழுதுதல் உயர்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறைக் காலத்திற் செய்யத்தக்க பணி. அக்குறிப்பேட்டில் உள்ளதை ஆய்வுகூடத்தில் சோதித்து, மெய்யானதைக் கொண்டு, பொய்யானதைத் தள்ளுதல் அடுத்த தலைமுறையின் கடன். கொழுந்தின் கறை படிந்த கைகளுக்கு அக்கொழுந்தின் பயனும் கிட்டுதற்கு அது முதற்படியாகும்.