பிழை எண் சொல்வதைக் கேட்போம்

அலுவலகங்கள், கல்லூரிகள் பலவற்றில் நம் கணினி இணையத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ‘பிராக்ஸி’ எனப்படும் ஓர் இடைநிலைச் சேவையகம் நின்று, நம் கோரிக்கையை இணையதளத்துக்கும் அதன் பதிலை நமக்கும் கொண்டு சேர்க்கிறது. இணைப்பு அறுந்து திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றும்போதுதான், அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. உடனே கிடைக்கும் அறிவுரை, “எச்சரிக்கையைத் தாண்டிப் போங்கள், வேறு இலவச பிராக்ஸியைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்பதே. இது ஆபத்தான அறிவுரை என்பது என் கருத்து. பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படித்தால், பெரும்பாலும் கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இந்தப் பாதையில் இரண்டு கண்ணிகள் உள்ளன: நம் கணினியிலிருந்து பிராக்ஸி வரை ஒன்று, பிராக்ஸியிலிருந்து இணையதளம் வரை மற்றொன்று. எந்தக் கண்ணி அறுந்தது என்பதே முதல் கேள்வி.

பிராக்ஸியுடன் இணைய முடியவில்லை என்று உலாவி சொன்னால், அறுந்தது முதல் கண்ணி. முகவரியையும் போர்ட் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ‘ஸ்க்விட்’ மென்பொருளின் இயல்பான போர்ட் 3128; வேறு பல இடங்களில் 8080. ஓர் இலக்கம் பிசகினாலும் இணைப்பு கிடைக்காது. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே பதில் வந்தால், பெரும்பாலும் அந்த முகவரியில் கணினி இருக்கிறது. அந்தப் போர்ட்டில் பிராக்ஸி இயங்கவில்லை. நெடுநேரம் காத்திருந்து ‘நேரம் கடந்தது’ என்று வந்தால், முகவரி தவறாக இருக்கலாம். அல்லது நடுவில் உள்ள ஃபயர்வால் தடுத்திருக்கலாம். அலுவலக மடிக்கணினியை வீட்டில் திறக்கும்போது பழைய அமைப்பு அப்படியே நிற்பதும் வழக்கமான காரணம். நாமோ அலுவலகமோ வைக்காத பிராக்ஸி முகவரி அங்கே இருந்தால், தீம்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணோடு வரும் பிழைகள் இன்னும் தெளிவானவை. 407 என்றால், பிராக்ஸி நம்மிடம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. அண்மையில் கடவுச்சொல்லை மாற்றியவர்கள், கணினியில் சேமித்துவைத்த பழையதை நீக்கினால் போதும். 403 என்பது அனுமதி மறுப்பு. அதைப் பழுதாகக் கருதக் கூடாது. 502, 504 ஆகிய இரண்டும் அடுத்த கண்ணியைச் சுட்டுகின்றன: அப்பாலிருந்து முறையான பதில் வரவில்லை, அல்லது உரிய நேரத்துக்குள் வரவில்லை. ஒரே ஒரு தளம் மட்டும் இப்படிச் சொன்னால் கோளாறு அநேகமாக அந்தத் தளத்தில். எல்லாத் தளங்களும் சொன்னால் பிராக்ஸியில். இரண்டிலும் நம் கணினியில் மென்பொருளை மீண்டும் நிறுவிப் பயனில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பாதுகாப்புச் சான்றிதழ் குறித்த எச்சரிக்கை. முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை தவறாக இருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றும். நேரம் சரியாக இருந்தால், அலுவலக பிராக்ஸி போக்குவரத்தைப் பிரித்துச் சோதிக்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால், முன்பின் அறியாத ஒருவர் நடுவில் இருக்கக்கூடும். 2015இல் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த ‘சூப்பர்ஃபிஷ்’ மென்பொருள், இப்படித்தான் நடுவில் நின்று மறையாக்கப்பட்ட பக்கங்களில் விளம்பரங்களைச் செருகியது. அதன் ரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே என்பதால், அதைக் கைப்பற்றிய எவரும் வங்கித் தளம்போல் நடித்து ஏமாற்றும் நிலை உருவானது. அங்கே உலாவி எச்சரிக்கவே இல்லை. எச்சரிக்கும்போதாவது நாம் நிற்க வேண்டாமா?

அறிமுகமற்ற இலவச பிராக்ஸியிலும் இதே ஆபத்து உண்டு. நாம் செல்லும் தளங்களை அதை நடத்துபவர் அறிவார். மறையாக்கம் இல்லாத பக்கங்களை முழுமையாகப் படிக்கவும் மாற்றவும் அவரால் முடியும்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஸ்க்விட் காட்டும் பிழைப் பக்கங்களை நிர்வாகிகள் மாற்றி எழுத முடியும். என்ன தடைபட்டது, யாரை அழைக்க வேண்டும் என்று அதில் தமிழில் இரண்டு வரி சேர்த்தால், ஊழியர்களும் மாணவர்களும் குறுக்குவழி தேடி அலைய மாட்டார்கள்.