விலை மட்டும் பார்த்தால் போதுமா?

1929-ஆம் ஆண்டு அக்டோபர் 24. நியூயார்க் பங்குச் சந்தை வழக்கம்போல் பிற்பகல் 3 மணிக்கு மூடப்பட்டுவிட்டது. ஆனால் விலைகளைக் காகித நாடாவில் அச்சிட்டு ஊர்தோறும் தெரிவிக்கும் டிக்கர் கருவிகள் இரவு 7 மணிக்குப் பின்னரும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வாண்டில் நாளொன்றுக்குக் கைமாறிய பங்குகளின் சராசரி சுமார் 40 லட்சம். அன்று கைமாறியவையோ 1,28,94,650! கருவி பின்தங்கிவிட்டதால், தம் பங்கு என்ன விலைக்குப் போகிறது என்று அறியாமலே பலர் அஞ்சி விற்றார்கள். 29-ஆம் தேதி இந்த எண் 1 கோடியே 64 லட்சமாயிற்று. 1968 வரை வேறெந்த நாளும் அதை மிஞ்சவில்லை.

இப்படி ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையைத்தான் வியாபார அளவு என்கிறோம். ராமன் விற்ற 100 பங்குகளைக் கண்ணன் வாங்கினால் அளவு 100, 200 அன்று. அதே நாளில் கண்ணன் அவற்றை மூன்றாமவருக்கு விற்றால்தான் 200 ஆகும்.

"இன்று விற்றதைவிட வாங்கியது அதிகம்; ஆகவே விலை ஏறியது" என்று சிலர் சொல்வதுண்டு. இது பொருந்தாப் பேச்சு. விற்ற ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் வாங்கித்தானே இருக்கவேண்டும்? வாங்க விரும்புவோர் அவசரப்பட்டுக் கூடுதல் விலை தர முன்வரும்போதே விலை ஏறுகிறது.

அப்படியானால் வியாபார அளவு எதைக் காட்டுகிறது? ஒரு கம்பெனியின் பங்குகள் வழக்கமாக நாளொன்றுக்கு 10,000 கைமாறுவதாகக் கொள்வோம். ஒரு நாள் விலை 100 ரூபாயிலிருந்து 105 ஆகிறது. கைமாறியவை 300 மட்டுமே. இது ஓரிருவரின் அவசரமாக இருக்கலாம். அதே ஏற்றம் 60,000 பங்குகளுடன் நிகழ்ந்தால், புதிய விலையைப் பலர் பணம் கொடுத்து ஏற்றிருக்கிறார்கள் என்று எண்ண இடமுண்டு.

ஆனால் அளவு திசையைச் சொல்லாது. 1982 ஆகஸ்டு 17-இல் டௌ ஜோன்ஸ் குறியீடு 38 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் நியூயார்க் சந்தையில் கைமாறிய பங்குகள் முதன்முறையாக 10 கோடியைத் தாண்டின. 1987 அக்டோபர் 19-இல் அதே குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தபோது 60 கோடி கைமாறின. ஏற்றத்திலும் பெருகும், சரிவிலும் பெருகும்.

அந்த 60 கோடியை 1929-இன் ஒன்றேகால் கோடியோடு நேராக ஒப்பிடலாகாது. இடைப்பட்ட காலத்தில் சந்தையில் இருந்த பங்குகளே பன்மடங்காகிவிட்டன. 1987-இன் நாள் சராசரி ஏறத்தாழ 19 கோடி. வகுத்துப் பாருங்கள்: இரண்டு நாள்களும் தத்தம் சராசரியைப்போல் மும்மடங்குதான்! எந்தப் பங்கையும் அதன் சொந்தச் சராசரியோடு ஒப்பிடவேண்டும் என்பதன் காரணம் இதுவே. அதிலும் ஓர் எச்சரிக்கை. கம்பெனி ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தால், வேறு எதுவும் மாறாமலே அளவு பத்து மடங்காகத் தெரியும்.

இன்னொன்று, சூழ்ச்சி. சிலர் கூடிக்கொண்டு ஒரே பங்குகளைத் தமக்குள்ளேயே மாற்றி மாற்றி விற்று வாங்குவார்கள். உடைமையில் உண்மையான மாற்றம் எதுவும் இராது. அளவு மட்டும் வீங்கும். "ஏதோ நடக்கிறது" என்று வெளியார் ஓடிவந்து வாங்கும்போது கும்பல் விற்று வெளியேறிவிடும். இந்தியாவில் செபி அமைப்பின் 2003-ஆம் ஆண்டு விதிகள் இதைத் தடைசெய்கின்றன. பல மாதம் தூங்கிக்கிடந்த சிறு கம்பெனியின் பங்கு, செய்தி எதுவுமின்றித் திடீரெனச் சுறுசுறுப்பானால் ஐயுறுவதே நலம்.

அளவு மிகக் குறைந்த பங்கிலும் ஆபத்துண்டு. உங்களிடம் 5,000 பங்குகள் இருக்கின்றன. விலை 80 ரூபாய். மகள் திருமணத்துக்கு 4 லட்சம் ரூபாய் தயார் என்று நினைக்கிறீர்கள். நாளொன்றுக்கு 200 பங்குகளே கைமாறும் சந்தையில் அவ்வளவையும் ஒரே நாளில் விற்க முனைந்தால், முதல் சில நூறு பங்குகளே 80 ரூபாய்க்குப் போகும். மீதியை 75-க்கோ 60-க்கோ கேட்பார்கள். கேட்க ஆளின்றியும் போகலாம்.