வேலி அகன்ற பின்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இரண்டு தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் அடுத்தடுத்து இயங்கின. ஒன்று வெள்ளையருக்கு உரியது. மற்றொன்று இந்தியருக்கு உரியது. இடையே ஒரு வேலி இருந்தது. இந்தியருக்கான நிறுவனம் எம்.எல்.சுல்தான் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்தது. கேரளப் பகுதியிலிருந்து ஒப்பந்தக் கூலியாகச் சென்று, பின்னர்ப் பொருள் ஈட்டி, அதனைக் கல்விக்கு வாரி வழங்கியவர் அவர்.

நிறவெறி அரசின் சட்டங்கள் உயர்கல்வியை இவ்வாறு கூறுபோட்டன. 1959இல் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் ‘பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்’ என்று பெயர். விரிவு பெயரில் மட்டுமே இருந்தது. வெள்ளையர் பயிலும் பல்கலைக்கழகத்தில் பிறர் புதிதாகச் சேர அமைச்சரின் அனுமதி வேண்டும் என்றது அச்சட்டம். கறுப்பின மாணவர்களுக்கு, அவர்கள் பேசும் மொழிக்கேற்ப, பெருநகரங்களுக்குத் தொலைவில் தனிக் கல்லூரிகள் நிறுவப்பட்டன. இந்திய மாணவர்களுக்கான கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத் தீவொன்றில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கியது. பிற்காலத்தில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்நிறுவனத்தில் தமிழும் கற்பிக்கப்பட்டது.

1994இல் நெல்சன் மண்டேலா தலைமையில் மக்களாட்சி மலர்ந்தது. மூன்று ஆண்டுகளில் புதிய உயர்கல்விச் சட்டம் வந்தது. எனினும், பிரித்து வைத்த சட்டத்தை நீக்குவது எளிது. பிரிந்து வளர்ந்த நிறுவனங்களை இணைப்பது எளிதன்று. எந்த ஊதிய விகிதத்தைப் பின்பற்றுவது, எந்தக் கட்டணத்தை ஏற்பது, யாருடைய பெயரைச் சூட்டுவது என ஒவ்வொன்றும் பூசலானது. ஆயினும் பணி நிற்கவில்லை. 2002இல் டர்பனின் அண்டை நிறுவனங்கள் இரண்டும் ஒன்றாயின, வேலிக்கு வேலையில்லாமற்போனது. 2004இல் டர்பன்-வெஸ்ட்வில், நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. நாடு முழுவதும் 36 நிறுவனங்கள் 23ஆகக் குறைந்தன.

மாணவர் எண்ணிக்கையோ பெருகியது. 1994இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்தது, 2017இல் 10 இலட்சத்தைக் கடந்தது. புதிதாக வந்தவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகவிருந்தவர்கள். அரசு மானியம் அந்த அளவிற்கு உயரவில்லை. பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை உயர்த்தின. நிறத்தைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை, பணமின்மையால் தடுக்கப்படும் நிலை உருவாயிற்று.

2015 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் 10.5 விழுக்காடு கட்டண உயர்வை அறிவித்தது. அங்கு எழுந்த மாணவர் போராட்டம் ஓரிரு வாரங்களில் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டிற்குக் கட்டண உயர்வே இல்லை என்று குடியரசுத் தலைவர் அறிவித்தார். 2017 டிசம்பரில், ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவச உயர்கல்வி அறிவிக்கப்பட்டது.

அந்த வரம்பிற்குச் சற்றே மேல் ஊதியம் பெறும் ஆசிரியர், செவிலியர், காவலர் ஆகியோரின் பிள்ளைகள் உதவியும் பெறாமல், முழுக் கட்டணமும் செலுத்த இயலாமல் நிற்கின்றனர். அவர்களுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் ‘விடுபட்ட நடுத்தரத்தினர்’.