முடியை நேராக்க 77,400 ரூபாய்: என் சுருட்டை முடி சொல்லிக்கொடுத்த பட்ஜெட் பாடம்

போன வாரம் வீடியோ போட்டதும் நிறைய பேர் கேட்டது முதலீடு பத்தி இல்ல. "அக்கா, முடிக்கு என்னாச்சு?"ன்னுதான்.

மூணு வருஷத்துக்கும் மேல நேரா, பளபளன்னு தொங்கின முடி, இப்போ காதுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் சுருண்டு நிக்குது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இதுதான் என் சொந்த முடி. இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல் சம்பளம், முதல் செலவு

எங்க அப்பாவுக்கு நல்ல சுருட்டை முடி. அது அப்படியே எனக்கும் வந்துடுச்சு. "சுருட்டை முடி சோறு போடும்"னு ஆச்சி பெருமையா சொல்லுவாங்க. ஆனா ஸ்கூல்ல எனக்குக் கிடைச்ச பேரு "பரட்டை". எண்ணெய் வச்சு இறுக்கி ரெட்டை ஜடை போட்டு அனுப்பினாலும், மதியத்துக்குள்ள நெத்தி ஓரத்துல முடி கிளம்பி நிக்கும்.

திருநெல்வேலியில இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தேன். கையில 28,000 சம்பளம். முதல் மாசமே பார்லருக்குப் போய் 7,500 ரூபாய்க்கு ஸ்மூத்தனிங் பண்ணிக்கிட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் சூப்பர்னாங்க. ஒரு தடவை செலவுதானேன்னு நினைச்சேன். தப்பு நடந்தது அங்கதான்.

ஏன் இது ஒரு தடவை செலவு இல்ல?

நம்ம முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதுக்குள்ள இருக்கிற கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைச்சு, நேரா வச்சு, மறுபடி சேர்க்கிறதுதான் ரீபாண்டிங். ஸ்மூத்தனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட்னு வேற வேற பேர்ல, வேற வேற ரசாயனத்துல செய்றாங்க. ஆனா எது பண்ணினாலும் அது வெளியில வந்துட்ட முடிக்கு மட்டும்தான். முடி சுருளுமா, நேரா வருமான்னு தீர்மானிக்கிறது தோலுக்கு அடியில இருக்கிற வேர்ப்பை. அதை எந்தப் பார்லரும் மாத்த முடியாது.

முடி மாசத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஆறு மாசத்துல 6 சென்டிமீட்டர் சுருட்டை, அதுக்குக் கீழ நேர் முடி. கண்ணாடியில பார்த்தா நமக்கே ஒரு மாதிரி இருக்கும். உடனே டச்-அப். அதாவது நான் வாங்கினது ஒரு பொருள் இல்ல, ஒரு சந்தா. ஓ.டி.டி. சந்தாவையாவது கேன்சல் பண்ணலாம். இதை நிறுத்தினா தலையிலேயே தெரியும்!

அப்பாவோட கண் ஆபரேஷன்

மூணாவது வருஷம் முடியிற நேரம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன், என் பங்கா 15,000 ரூபாய் அனுப்பணும். அக்கவுண்ட்ல இருந்தது 4,200. அடுத்த வாரம் டச்-அப்புக்கு அப்பாயின்ட்மென்ட் வேற போட்டிருந்தேன்.

"பாப்பா, உனக்குச் சிரமம்னா அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்"னு அப்பா ஃபோன்ல சொன்னாங்க. அந்த வார்த்தை என்னைத் தூங்க விடல. ஃப்ரெண்டுகிட்ட 11,000 கைமாத்து வாங்கி அனுப்பிட்டு, அன்னைக்கு ராத்திரி பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து உட்கார்ந்தேன். மூணு வருஷக் கணக்கு இதோ:

முதல் ஸ்மூத்தனிங்: ரூ. 7,500
டச்-அப், 5 தடவை (5,000 வீதம்): ரூ. 25,000
அதுக்குன்னு தனி ஷாம்பூ, கண்டிஷனர், சீரம் (ரெண்டு மாசத்துக்கு 1,500): ரூ. 27,000
ஹேர் ஸ்பா, 12 தடவை (1,200 வீதம்): ரூ. 14,400
ஸ்ட்ரெய்ட்னர்: ரூ. 3,500
மொத்தம்: ரூ. 77,400

மாசத்துக்கு 2,150 ரூபாய். என் சம்பளத்துல 13 ரூபாய்க்கு 1 ரூபாய் முடிக்கே போயிருக்கு. என் மாசச் செலவு 20,000. மூணு மாச எமர்ஜென்சி ஃபண்டுக்கு 60,000 போதும். அது என் தலையிலதான் இருந்திருக்கு! ஆச்சி சொன்ன சோத்துக்கான காசை நான்தான் முடிக்குப் போட்டிருக்கேன்.

அப்பாயின்ட்மென்ட்டைக் கேன்சல் பண்ணேன்.

கட் பண்ணின நாள்

உடனே வெட்ட முடியல. மேல சுருட்டை, கீழ நேருன்னு எட்டு மாசம் கொண்டை போட்டே ஓட்டினேன். உண்மையைச் சொன்னா கஷ்டமான காலம் அதுதான். "ஏன் டல்லா இருக்க?"ன்னு கேட்காத ஆள் இல்ல.

அப்புறம் சுருட்டை முடி வெட்டத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போனேன். 900 ரூபாய். முடியைக் காய்ஞ்ச நிலையிலேயே வெட்டினாங்க. சுருட்டை முடி ஈரத்துல நீளமா தெரியும், காய்ஞ்சா சுருங்கி மேல ஏறிடும். ஈரத்துல அளந்து வெட்டினா நாம நினைச்சதைவிடக் குட்டையாயிடும். நீங்க போறதுக்கு முன்னாடி இதை மட்டும் கேட்டுக்கோங்க.

இப்போ பராமரிப்பு ரொம்ப சிம்பிள். வாரம் ரெண்டு தடவை சாதாரண மைல்டு ஷாம்பூ, கொஞ்சம் தாராளமா கண்டிஷனர். தலையில சுரக்கிற எண்ணெய் சுருள் வழியா நுனி வரைக்கும் சுலபமா இறங்காது, அதனாலதான் சுருட்டை முடி சீக்கிரம் வறண்டு போகுது. கண்டிஷனர் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால சிக்கு எடுப்பேன். டவலால தேய்க்காம பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடுப்பேன். அவ்வளவுதான்.

நாலு மாசத்துக்கு ஒரு கட், அதாவது மாசத்துக்கு 225. ஷாம்பூ, கண்டிஷனர் 400. மொத்தம் 625. மிச்சம் 1,525 ரூபாய். முதல் எட்டு மாச மிச்சம் ஃப்ரெண்டோட கடனுக்கே போச்சு. இந்த மாசத்துல இருந்து 1,500 ரூபாய் ஆர்.டி. ஆரம்பிச்சிருக்கேன், எமர்ஜென்சி ஃபண்டுக்காக.

அடுத்த வலையில விழுந்துடாதீங்க

சுருட்டையை ஏத்துக்கிட்டாலும் செலவு வைக்க ஆள் ரெடியா இருக்காங்க. கர்ல் க்ரீம், ஜெல், டிஃப்யூசர், சாட்டின் தலையணை உறைன்னு லிஸ்ட் நீளும். நானும் ஒரே ராத்திரியில 3,000 ரூபாய்க்குக் கார்ட்ல போட்டேன், காலையில எடுத்துட்டேன். என் ரூல்: கையில இருக்கிறது தீராம புதுசு வாங்கக் கூடாது.

நேராக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. பிடிச்சிருந்தா பண்ணுங்க. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, சில ப்ராடக்ட் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதனால லேபிளைக் கேட்டுப் பாருங்க. ரெண்டு, பார்லர் சொல்ற ரேட்டை மட்டும் பார்க்காம ஒரு வருஷ மொத்தச் செலவைப் போட்டுப் பாருங்க. அதுக்கு அப்புறமும் ஓகேன்னா, உங்க ஆசைச் செலவு பட்ஜெட்ல இருந்து தாராளமா பண்ணுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க பேங்க் ஆப்ல கடைசி 12 மாச ஸ்டேட்மென்ட்டை எடுங்க. சலூன், பார்லர், காஸ்மெட்டிக்ஸ் எல்லாத்தையும் கூட்டி 12-ஆல வகுத்துப் பாருங்க. ஆண்களுக்கும் இது பொருந்தும். அந்த நம்பர் உங்க ஆர்.டி.யைவிடப் பெருசா இருந்தா, கொஞ்சம் யோசிங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டையோட போனப்ப, "எதுக்குமா இழுத்துக் கட்டியிருக்க?"ன்னு அப்பா கேட்டாங்க. இந்தத் தடவை வீடியோ கால்ல பார்த்ததும் ஒண்ணும் கேட்கல. தன் தலையைத் தடவிட்டுச் சிரிச்சாங்க. இப்போ கண்ணு நல்லா தெரியுதாம்.