தாழ்ந்த காரும் தரை பிடிக்கும் காரும்

தஞ்சோங் டாவாய், பீடோங், குருண் என்று கெடாவில் எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்தை ஒட்டிய சாலைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடித் தார் அலை அலையாக அமுங்கியிருக்கும். பள்ளத்தை அடைத்த ஒட்டு மேடாக நிற்கும். பள்ளிக்கூடம் வந்தால் வேகத்தடை. இங்கே ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு சஸ்பென்ஷன் போட நினைப்பவர் பட்டறையில் முதலில் கேட்பது, எவ்வளவு இறக்கலாம் என்பதுதான். கேள்வியே பிழை என்பது என் கட்சி. இறக்கியபின் சக்கரம் மேலேற எவ்வளவு இடம் மிஞ்சும் என்றல்லவா கேட்க வேண்டும்? டயரைத் தரையைவிட்டு எழும்பாமல் வைத்திருக்கத்தான் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் இருக்கின்றன. கார் தாழ்ந்து நிற்பது அந்த வேலைக்குச் சில சமயம் துணை, பல சமயம் இடைஞ்சல்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். 1996இல் நம் நாட்டுக் கார் நிறுவனமான புரோட்டோன், பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த சத்ரியா ஜிடிஐயின் சஸ்பென்ஷன் லோட்டஸ் கைபட்டது. அதன் 1.8 லிட்டர் எஞ்சினைவிட வளைவில் அது காட்டிய பிடிப்பையே இன்றும் பேசுகிறார்கள். ஸ்பிரிங்கை அளவோடு இளக்கமாக விட்டு, அப்சார்பரை நுணுக்கமாகத் திருத்துவது லோட்டஸின் பேர்பெற்ற வழி. ஸ்பிரிங் எடையைத் தாங்கும். அதன் துள்ளலை அடக்குவது அப்சார்பர். கடினமான ஸ்பிரிங்கை மட்டும் மாட்டிப் பழைய அப்சார்பரை விட்டுவைத்தால், துள்ளலை அடக்க ஆளில்லை.

தாழ்த்துவதில் இன்னொரு வினை, கண்ணுக்குத் தெரியாதது. சத்ரியாவைப் போலப் பல கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அளவுமீறி இறக்கினால் லோவர் ஆர்மின் சக்கரப் பக்கம் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். காரின் எடைமையம் இறங்குவது உண்மைதான். ஆனால் எந்தப் புள்ளியைச் சுற்றிக் கார் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூட, கார் முன்னைவிட அதிகம் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டியிருக்கும். சக்கரம் மேலேறும் இடமும் குறைகிறது. மேலே 80 மி.மீ. இருந்த காரை 40 மி.மீ. இறக்கினால் பாதி போயிற்று. வளைவின் நடுவில் ஒரு மேடு வந்து ஸ்ட்ரட் ரப்பர் தடையில் முட்டும் கணத்தில் டயர் பிடியை இழக்கிறது.

பந்தயக் கார்கள் தாழ்வாகத்தானே இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன, 5.543 கி.மீ. நீளமுள்ள சிப்பாங் தடம் போன்ற சீரான தளத்தில். 2002இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை புரோட்டோன் பெர்ட் காரில் வென்ற கரம்ஜிட் சிங்கும் வேகக்காரர்தான். சரளைச் சாலையில் ரேலிக் கார் உயர்ந்து நிற்கும், சக்கரம் ஏறி இறங்கத் தாராளமாக இடம் விடும். நம் தோட்டச் சாலை இவற்றில் எதற்குப் பக்கம்? அட்ஜஸ்டபள் அப்சார்பரில் திருகினால் சரியாகிவிடும் என்பது அடுத்த வாதம். அந்தத் திருகு அப்சார்பரின் இறுக்கத்தைத்தான் மாற்றும். போன இடத்தைத் திருப்பித் தராது. அழகுக்காக இறக்குகிறேன் என்பவரோடு எனக்கு வழக்கில்லை, அதற்கு ஹேண்ட்லிங் என்று பெயர் வைக்காத வரை. ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவதை மட்டும் ஒப்ப முடியாது: சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டைவிட்டு நழுவக்கூடும்.

பொருத்தும்போது பலர் தவறவிடுவது ரப்பர் புஷ்ஷை. கார் ஜாக்கில் தொங்கும் நிலையில் லோவர் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் எடை நின்றபின்தான் கடைசி இறுக்கம். உயரம் மாறினால் டோ அளவும், அதாவது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவும், மாறும், ஆகவே அலைன்மென்ட் கட்டாயம். அதன்பின் டயர் காற்றைச் சரிபார்த்து, அப்சார்பரை மிக இளக்கமான நிலையில் தொடங்கி, ஒரே சாலையில் ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்க்க வேண்டும். அடுத்தடுத்த அலைகளில் கார் எழும்ப நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போனால், ரிபவுண்ட், அதாவது அப்சார்பர் விரியும்போது காட்டும் தடை, இறுகிவிட்டது என்று பொருள்; இரண்டு கிளிக் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.